சளி தேங்குவது யார் குற்றம்?

நாள்பட்ட சளி இருமலோடு அவதிப்படுகிறவருக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு. மூச்சுக்குழாயின் உள்சுவரில் இருக்கும் சிலியா என்ற நுண்ணிழைகள் சோர்ந்துவிட்டன. அவற்றைத் தூண்டிவிட்டால் சளி தானே மேலேறி வெளியேறிவிடும். பாடப்புத்தகங்கள் குற்றிழை என்று பெயரிட்டிருக்கும் இந்த இழைகள்மேல் பழியைப் போடும் விளக்கம் கேட்பதற்கு எளிமையானது. சளி மருந்துகள் பலவற்றுக்கும் இதுவே நியாயமாகச் சொல்லப்படுகிறது. இந்த விளக்கம் எவ்வளவு தூரம் நிற்கும் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. சளி தேங்கும்போது முதலில் தவறியது அதைத் தள்ளும் இழையா, தள்ளப்படும் சளியா? இதற்கு என்ன பதில் சொல்கிறோமோ, அதைப் பொறுத்துத்தான் எந்தச் சிகிச்சைக்குப் பணம் செலவழிக்கலாம் என்பதும் இருக்கிறது.

நலமான நுரையீரலில் நடப்பதை முதலில் பார்த்துவிடுவோம். மூச்சுக்குழாயை உள்ளே போர்த்தியிருக்கும் சிலியா செல் ஒவ்வொன்றின் தலையிலும் ஏறத்தாழ 200 இழைகள் நிற்கின்றன. ஒவ்வொன்றின் நீளமும் 6 முதல் 7 மைக்ரோமீட்டர். விநாடிக்குப் பத்துப் பதினைந்து தடவை அவை அடிக்கின்றன. இழைக்குள் ஒன்பது ஜோடி நுண்குழல்கள் வட்டமாகவும் இரண்டு நடுவிலும் ஓடுகின்றன. இந்தக் குழல்களை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கவைக்கும் புரதத்தை 1963-இல் இயன் கிப்பன்ஸ் பிரித்தெடுத்தார். 1965-இல் அதற்கு டைனீன் என்று பெயர் வந்தது. நிமிர்ந்து நின்று முன்னோக்கி ஓர் அடி, பிறகு வளைந்து தாழ்ந்து பக்கவாட்டில் திரும்புதல். இதுதான் ஒரு சுற்று. பக்கத்து இழைகள் நொடியின் சிறு பின்னம் பிந்தி அதையே செய்வதால் அடி அலையாகப் பரவுகிறது. இப்படி மூச்சுக்குழலில் சளி நிமிடத்துக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் மேலேறுகிறது. தொண்டைக்கு வந்ததும் அதை நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். மூச்சோடு உள்ளே போகும் தூசியும் கிருமியும் இந்த வழியில்தான் வெளியேறுகின்றன.

இத்தனை நுட்பமான இழைக்கும் ஒரு வரம்பு உண்டு: கெட்டியான சளிக்குள் அதனால் அடிக்க முடியாது. அடிப்பதற்கு மெல்லிய நீர்மம் வேண்டும். நுனி மட்டும் சளியின் அடிப்பரப்பைத் தொட வேண்டும். 1934-இல் லூகாஸும் டக்ளஸும் இதற்கு ஒரு படம் வரைந்து கொடுத்தார்கள். கீழே தண்ணீர் போன்ற படலம், மேலே மிதக்கும் சளிப் படலம். ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் இந்தப் படம் பெரிதாகக் கேள்விக்கு உள்ளாகவில்லை. ஆனால் இதில் ஓர் ஓட்டை இருந்தது. மேலே இருக்கும் சளி கீழே இருக்கும் தண்ணீரில் ஏன் கரைந்து கலந்துவிடவில்லை? இரண்டும் தனித்தனியாக நிற்க என்ன காரணம்?

2012-இல் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்டன், ரூபின்ஸ்டைன், பவுச்சர் குழு இதற்குப் பதில் தந்தது. கீழ்ப்படலம் வெறும் தண்ணீர் இல்லை. செல்லின் மேற்பரப்பிலும் சிலியாவின் உடம்பிலும் வேர்விட்டு நிற்கும் மியூசின் என்ற புரதங்கள் அங்கே அடர்ந்த தூரிகையாக நிற்கின்றன. மேலே இருக்கும் சளியின் பெரிய மூலக்கூறுகள் அதற்குள் நுழைய முடியாது. இரண்டு படலங்களும் ஒரே நீரைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில் ஆழம் கூடிய கிணறு மற்றதன் ஊற்றை இழுத்துக்கொள்ளும் அல்லவா, அதுபோல எந்தப் படலம் அடர்த்தியாகிறதோ அது நீரை இழுக்கிறது. நலமான சளியில் திடப்பொருள் 2 சதவீத அளவில்தான் இருக்கும். அது சில மடங்கு கூடினால் சளி தூரிகையின் நீரை உறிஞ்சி, தூரிகையை அமுக்கி, அதோடு சிலியாவையும் கீழே படுக்கவைத்துவிடுகிறது. இழையில் எந்தப் பழுதும் இல்லாமலே அதன் வேலை நின்றுபோகிறது.

இந்த விளக்கத்தை நான் மதிப்பதற்குக் காரணம், இது அளந்து பார்க்கக்கூடிய ஒரு பௌதிகக் கணக்கைக் கொடுத்தது என்பதுதான். எந்த அடர்த்தியில் இழை படுக்கும் என்று முன்கூட்டியே சொல்லிச் சோதிக்க முடிந்தது. குறை என்னவென்றால், அந்தச் சோதனையின் பெரும்பகுதி பரிசோதனைத் தட்டில் வளர்த்த செல்களில் நடந்தது. உயிருள்ள மூச்சுக்குழலில் சுரப்பிகள் உண்டு, இருமல் உண்டு, மூச்சின் உரசல் உண்டு. இவை ஏதும் தட்டில் இல்லை.

மருந்தின் சிறப்பைப் பேசும்போது அடிக்கடி காட்டப்படும் இன்னோர் அளவையும் இங்கே எடைபோட வேண்டும். சிலியா விநாடிக்கு எத்தனை தடவை அடிக்கிறது என்பதே அந்த அளவு. ஆஸ்துமாவுக்கு இழுக்கும் சால்பூட்டமால் இந்த எண்ணிக்கையைக் கூட்டுகிறது என்பது உண்மை. அதனால் சளி வேகமாக வெளியேறுகிறதா என்று நோயாளிகளிடம் அளந்தபோது சீரான பதில் கிடைக்கவில்லை. இதைவிடத் தெளிவான சான்று ஒரு பிறவிக் கோளாறில் இருக்கிறது. டிஎன்ஏஎச்11 என்ற மரபணு பழுதானவர்களின் சிலியா எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இயல்பாகவே தெரிகிறது. பலரிடம் அது வழக்கத்தைவிட வேகமாகவும் அடிக்கிறது. ஆனால் வீச்சு குறுகி, விறைப்பாக நடுங்குவதால் சளி நகர்வதில்லை. ஆகவே அடியின் எண்ணிக்கையை மட்டும் காட்டி ஒரு மருந்து சளியை வெளியேற்றும் என்று யாராவது சொன்னால் அதைச் சான்றாக ஏற்க முடியாது.

இழையா, சளியா என்ற கேள்விக்கு இயற்கையே இரண்டு நோய்களைச் சோதனையாக வைத்திருக்கிறது. ஒன்றில் இழை பிறவியிலேயே பழுது. மற்றதில் இழை முழுமையானது, சளிதான் பழுது.

முதல் நோயின் அறிகுறிகளை 1933-இல் சூரிச்சில் மானெஸ் கார்ட்டகெனர் நான்கு நோயாளிகளிடம் தொகுத்துச் சொன்னார். ஓயாத சைனஸ் தொல்லை, மூச்சுக்குழாய்கள் விரிந்து சளி தேங்கும் பிராங்கியெக்டாசிஸ், கூடவே இதயம் வலப்பக்கத்தில் இருக்கும் விசித்திரம். இந்த மூன்றுக்கும் என்ன உறவு என்பது நாற்பது ஆண்டுகளுக்கு மேல் புதிராகவே இருந்தது. விந்தணு அசையாததால் குழந்தை இல்லாத ஆண்களை ஆராய்ந்துகொண்டிருந்த சுவீடன் நாட்டு பியோர்ன் அஃப்சீலியஸ், அந்த விந்தணுக்களின் வாலில் டைனீன் கைகள் இல்லை என்று கண்டார்; அவர்களுக்கு மூச்சுக்குழாய்ச் சிலியாவும் வேலை செய்யவில்லை. 1976-இல் அவர் எழுதிய கட்டுரையில் துணிந்து ஒன்றை ஊகித்தார்: கருவில் இதயம் இடப்பக்கம் திரும்புவதற்கும் சிலியாவே காரணமாக இருக்கலாம், அது அசையாவிட்டால் இடமா வலமா என்பது தற்செயலாகிவிடும், ஆகவேதான் பாதிப் பேருக்கு உறுப்புகள் இடம் மாறியிருக்கின்றன. 1998-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் சுண்டெலிக் கருவில் சுழலும் சிலியா நீர்மத்தை ஒரு பக்கமாக ஓடவிடுவதைக் கண்டு அந்த ஊகத்துக்கு வலுச் சேர்த்தார்கள். ஒரு கண்டுபிடிப்பு இதைவிட அழகாக மூன்று புதிர்களை ஒன்றாக அவிழ்த்ததை நான் அதிகம் படித்ததில்லை. இன்று பிசிடி என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தக் கோளாறுக்கு ஐம்பதுக்கு மேற்பட்ட மரபணுக்கள் காரணமாக அறியப்பட்டுள்ளன.

இரண்டாவது, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். இதற்குக் காரணமான சிஎஃப்டிஆர் மரபணு 1989-இல் கண்டுபிடிக்கப்பட்டது. செல்லிலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் வெளியே விடும் வாசலை உருவாக்குவது அது. வாசல் மூடினால் மூச்சுக்குழாயின் மேற்பரப்புக்கு வர வேண்டிய நீர் வருவதில்லை. 1998-இல் மட்சுயியும் கூட்டாளிகளும் இந்த நோயாளிகளின் செல்களை வளர்த்தபோது கீழ்ப்படலம் வற்றி, சளி ஓட்டம் நிற்பதைப் பார்த்தார்கள். நீர்மத்தைச் சேர்த்ததும் ஓட்டம் திரும்பியது. இழை கெடவே இல்லை.

இரண்டையும் தராசில் வைத்தால் கிடைப்பது முதல் பார்வைக்கு வியப்பானது. இழையே வேலை செய்யாத பிசிடி நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் பெரியவர்களாகி, வேலைக்குப் போய், முதுமை வரை வாழ்கிறார்கள். இழை முழுமையாக இருந்த சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் குழந்தைகளோ 1950-களில் பள்ளிக்கூடம் போகும் வயதை எட்டுவதே அரிதாக இருந்தது. சளியில் நீர் இருந்தால் இழை இல்லாவிட்டாலும் இருமல் அதை வெளியே கொண்டுவந்துவிடுகிறது. சளி வறண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டால் இழையும் தோற்கிறது, இருமலும் தோற்கிறது. இழையைவிடச் சளியின் நீரே முக்கியம் என்ற வாதத்தின் முதுகெலும்பு இந்த ஒப்பீடுதான்.

இதை அப்படியே விழுங்கிவிடவும் கூடாது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் கணையத்தையும் கெடுக்கிறது; அந்தக் காலத்துக் குழந்தைகளின் சாவில் ஊட்டக்குறைவுக்கும் பங்கு உண்டு. பிசிடி லேசான நோய் என்ற நம்பிக்கையும் தளர்ந்துவிட்டது. 2018-இல் வெளியான பன்னாட்டுத் தொகுப்பு ஆய்வு, இந்த நோயாளிகளின் நுரையீரல் திறன் சிறு வயதிலேயே குறையத் தொடங்குகிறது என்று காட்டியது. சிசிடிசி39, சிசிடிசி40 ஆகிய மரபணுக்கள் பழுதானவர்களுக்கு நோய் கடுமையாகவே இருக்கிறது. இழை இல்லாமல் உயிர் வாழலாம், ஆனால் நுரையீரல் அதற்கு விலை கொடுக்கிறது. இந்தத் திருத்தங்களுக்குப் பிறகும் ஒப்பீட்டின் திசை மாறவில்லை என்பது என் கணிப்பு.

நீரா என்பதிலும் இரண்டு கட்சிகள் உண்டு. நீர்ப் பற்றாக்குறைக் கட்சிக்கு 2004-இல் வலுவான சான்று கிடைத்தது. மார்கஸ் மாலும் கூட்டாளிகளும் மூச்சுக்குழாய்ச் செல்கள் சோடியத்தை மிகையாக உறிஞ்சும்படி சுண்டெலிகளை உருவாக்கினார்கள். சிஎஃப்டிஆர் நன்றாக இருந்தும், சிலியா நன்றாக இருந்தும், நீர் வற்றியதாலேயே அவற்றின் நுரையீரல் சளி அடைத்து நோயுற்றது. எதிர்க் கட்சி அயோவா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் வெல்ஷ் குழுவினருடையது. அவர்கள் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள பன்றிக் குட்டிகளைப் பிறந்தவுடனேயே ஆராய்ந்தார்கள். கீழ்ப்படலம் அங்கே வற்றியிருக்கவில்லை. 2014-இல் அவர்கள் காட்டியது வேறு: சுரப்பியின் வாயிலிருந்து வெளிவரும் சளி இழைகள் வாயை விட்டு அறுபடாமல் கட்டப்பட்டு நிற்கின்றன, சிலியா இழுத்தும் வருவதில்லை. பைகார்பனேட் இல்லாததால் சளிப் புரதங்கள் கால்சியத்தோடு இறுகி, விரியாமல் போகின்றன என்ற கருத்துக்கு இது பொருந்துகிறது.

பன்றியின் மூச்சுக்குழல் மனிதனுடையதைப் போலச் சுரப்பிகள் நிறைந்தது. சுண்டெலியிலும் தட்டிலும் அந்த நிறைவு இல்லை. ஆகவே நோயின் தொடக்கத்துக்கு அயோவா விளக்கத்தையும், முற்றிய நோய்க்கு வட கரோலினாவின் நீர் விளக்கத்தையும் நான் ஏற்கிறேன். 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மூன்று மருந்துக் கூட்டான எலெக்ஸாகாஃப்டர், டெசாகாஃப்டர், ஐவாகாஃப்டர் சிஎஃப்டிஆர் வாசலையே திறக்கிறது. 24 வார ஆய்வில் மூச்சை ஊதும் திறனில் 14.3 சதவீதப் புள்ளி முன்னேற்றம். இந்த நோயின் வரலாற்றில் இப்படி ஒன்று முன்னர் இல்லை. நீர்க் கட்சி இதைத் தன் வெற்றியாகச் சொல்வது அவசரம். திறந்த வாசல் வழியாக நீரும் வருகிறது, பைகார்பனேட்டும் வருகிறது. எது காப்பாற்றியது என்று இந்த மருந்தால் பிரித்துச் சொல்ல முடியாது. சிலியாவைத் தொடாமலே சளி ஓட்டம் மீண்டது என்பது மட்டும் உறுதி. அமெரிக்காவில் இதன் விலை ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல் வைக்கப்பட்டது. பெரும்பாலான நாடுகளின் நோயாளிகளுக்கு அது எட்டாக் கனி.

சிலியா உண்மையாகவே அடிபடும் நோய்களும் உண்டு. கக்குவான் இருமல் கிருமி சிலியாவைத் தேடிப்பிடித்து ஒட்டிக்கொண்டு, தன் செல்சுவரின் ஒரு துணுக்கை நஞ்சாக வெளியிட்டு அந்தச் செல்களைக் கொல்கிறது. கொரோனா வைரஸ் சிலியா செல்களுக்குள் புகுந்து இழைகளை உதிர்க்கிறது என்று பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தார் 2021-இல் காட்டினார்கள். சளியைத் தாண்டிச் செல்லை அடைய அந்த வைரஸ் சிலியாவையே ஏணியாக்கிக்கொள்கிறது என்று 2023-இல் வேறொரு குழு காட்டியது. புகைப்பவர்களின் சிலியா குட்டையாகிறது, சிலியா செல்களின் இடத்தைச் சளிச் செல்களும் தட்டையான செல்களும் பிடித்துக்கொள்கின்றன. ஆனால் புகை சிஎஃப்டிஆர் வாசலையும் மந்தமாக்குகிறது. 2017-இல் வெளியான பெரிய ஆய்வொன்று, நாள்பட்ட மூச்சடைப்பு நோயான சிஓபிடி கொண்டவர்களில் நாள்பட்ட சளி இருமல் உள்ளவர்களின் சளியில் மியூசின் அடர்த்தி கூடியிருப்பதை அளந்து காட்டியது. புகைப்பவரின் நெஞ்சில் இழையும் குற்றவாளி, வறண்ட சளியும் குற்றவாளி.

இனி மருந்துகள். நம் வீட்டு வேலியில் வளரும் ஆடாதோடை இங்கே நேராகவே வருகிறது. அதிலுள்ள வாசிசின் என்ற காரப்பொருளை முன்மாதிரியாகக் கொண்டு உருவானது புரோம்ஹெக்சின். அது உடலுக்குள் மாறிக் கிடைக்கும் பொருள்தான் இன்று எண்ணற்ற சிரப்புகளில் இருக்கும் அம்ப்ராக்சால். சிலியாவைத் தூண்டும், சளியை இளக்கும் என்பது அதன் பெயரில் சொல்லப்படும் சிறப்பு. நாள்பட்ட சளி நோயாளிகளுக்கு ஓராண்டு கொடுத்துப் பார்த்த இத்தாலிய ஆய்வு 2004-இல் வெளிவந்தது. மொத்தத்தில் போலி மருந்தைவிடக் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. கடுமையான அறிகுறி கொண்ட ஒரு பிரிவினருக்கு மட்டும் ஓரளவு தெரிந்தது. ஆடாதோடையின் நெடும் புழக்கம் மரியாதைக்குரியது. அந்த மரியாதையை அம்ப்ராக்சால் சிரப்புக்குச் சான்றாக மாற்ற முடியாது.

கார்போசிஸ்டீனுக்குச் சீனாவில் 709 பேரிடம் நடந்த ஆய்வு 2008-இல் நல்ல பெயர் தந்தது. சிஓபிடி முற்றும் தடவைகள் ஆண்டுக்குப் போலி மருந்து பெற்றவர்களிடம் 1.35, இதைப் பெற்றவர்களிடம் 1.01. பிராங்கியெக்டாசிஸ் நோயாளிகளுக்கு அதையும் அடர் உப்புநீர் ஆவியையும் ஓராண்டு கொடுத்துப் பார்த்த பிரிட்டிஷ் ஆய்வு 2025-இல் வெளிவந்தபோது இரண்டுமே நோய் முற்றுவதைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை. அதே உப்புநீர், 7 சதவீத அடர்த்தியில், ஆஸ்திரேலியச் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளிடம் 2006-இல் நோய் முற்றுவதை 56 சதவீதம் குறைத்திருந்தது. கடலில் அலைச்சறுக்கு விளையாடும் நோயாளிகள் நலமாக இருப்பதைக் கவனித்ததிலிருந்து அங்கே பிறந்த சிகிச்சை அது. அந்த ஆய்விலும் நுரையீரல் திறன் மாறும் வேகம் என்ற முதன்மை அளவு மாறவில்லை என்பதை அதன் ஆதரவாளர்கள் உரக்கச் சொல்வதில்லை. டார்னேஸ் என்ற நொதி சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் நல்லது செய்தது. 1998-இல் மற்ற பிராங்கியெக்டாசிஸ் நோயாளிகளுக்குக் கொடுத்தபோது நிலை மோசமானது. நீர்க் கட்சியின் வாதத்தில் எனக்குள்ள குறையும் இதுவே. சளி எல்லா நோயிலும் ஒன்றல்ல. ஒரு நோயின் சளிக்கு உதவிய மருந்து, இன்னொரு நோயின் சளிக்குப் பொருந்துவதில்லை.

இழையே பழுதான பிசிடி நோயில், முறையான ஒப்பீட்டு ஆய்வில் தெளிவாக வென்றது இழையைத் தூண்டும் மருந்து அல்ல. 2020-இல் வெளியான ஆறு மாத ஆய்வில் அசித்ரோமைசின் நோய் முற்றும் தடவைகளைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தது. அது ஓர் ஆன்டிபயாடிக். தேங்கிய சளியில் வளரும் கிருமியையும் அழற்சியையும் அடக்குவதுதான் அங்கே பலன் தருகிறது.

ஆகவே தீர்ப்பு இது. சளி தேங்கும் நோய்களில் பலவற்றில் சிலியா முதல் குற்றவாளி அல்ல. வறண்ட, அறுபடாத சளியின் அடியில் அமுங்கிப்போகும் தொழிலாளி அது. அதை அடித்து எழுப்புவதாகச் சொல்லும் மருந்துக்கு நம்பத்தக்க சான்று இல்லை. அது உண்மையாகவே பழுதாகும் நோய்களில் நெஞ்சைக் காப்பது இருமலும், தினமும் செய்யும் நெஞ்சுப் பயிற்சியும், உரிய நேரத்து ஆன்டிபயாடிக்கும், தடுப்பூசியும்தான். புகையை விடுவது இழைக்கும் நல்லது, சளிக்கும் நல்லது. அதற்கு ஈடாக எந்தப் பாட்டிலும் இல்லை.

இதிலிருந்து பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சளியோடு வரும் இருமலுக்கு, இருமலை அடக்கும் டெக்ஸ்ட்ரோமெதார்ஃபானோ கோடீனோ கலந்த சிரப்பை வாங்கிக் கொடுக்காதீர்கள். சிலியா தோற்றுவிட்ட நெஞ்சில் மிஞ்சியிருக்கும் ஒரே வழியை அது அடைத்துவிடும். குழந்தைக்குச் சளி இருமல் நான்கு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால் நுரையீரல் மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். நிறைமாதத்தில் பிறந்தும் மூச்சுத் திணறலுக்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தை, ஆண்டு முழுக்க மூக்கு ஒழுகும் குழந்தை, இதயம் வலப்பக்கம் இருக்கும் குழந்தை என்றால் பிசிடி சோதனை வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள்.